பதினேழாம் நம்பர் வருமா? காத்திருப்போர் பட்டியலில் நிற்பவர்களுக்கு நான்கு வழிகள்

ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். வலங்கைமான் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். மே மாதம் மார்க்கைச் சொல்லி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளைகள், ஒரு மாதம் கழித்து அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு குழம்பிய முகத்தோடு வருவார்கள். இந்த ஜூனில் முதலில் வந்தவர் நாற்றங்காலிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. உட்காரச் சொன்னால் திண்ணை அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே செல்போனை நீட்டினார். திருச்சியில் பெயர்பெற்ற தன்னாட்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து மகளுக்கு வந்த செய்தி: பி.எஸ்சி. இயற்பியல், வெயிட்டிங் லிஸ்ட், 17.

"வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க டீச்சர். பணம் பொரட்டணும்ல."

அதை என்னால் சொல்ல முடியாது. அந்தக் கல்லூரி முதல்வராலும் ஜூனில் சொல்ல முடியாது. ஆனால் வருகிற வரைக்கும் எங்கே நிற்பது என்பதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அவரிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## முதலில் அந்த நம்பரைப் படிப்போம்

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் கடைமடைக்காரர். மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்பதற்காக நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடிவிடாது. கல்லணை தாண்டி, மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்து, மிச்சம் இறங்கினால்தான் உண்டு. நம் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்பதற்கும் பட்டியல் நகர்வதற்கும் சம்பந்தமே இல்லை. முன்னால் இருப்பவர்களுக்கு வேறெங்காவது கிடைத்து அவர்கள் சீட்டை விட வேண்டும். அவர்கள் எங்கே போகக்கூடியவர்கள், எப்போது போவார்கள் என்று பார்த்தால் பதினேழின் அர்த்தம் பாதி விளங்கிவிடும்.

பாடத்துக்குப் பாடம் இது மாறும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்றால் முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் நீட் எழுதியிருப்பார்கள், பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்திருப்பார்கள். பொறியியல் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டில் சுற்றுச் சுற்றாக நடக்கும். மருத்துவக் கலந்தாய்வு அதற்குப் பிறகும் நீளும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் பி.எஸ்சி. வகுப்புகளில் சில இடங்கள் காலியாகும். பி.காம். அப்படி இல்லை. அதில் இருப்பவர்கள் அதையே விரும்பிக் கேட்டு வந்தவர்கள், விட்டுப் போக மாட்டார்கள். நான் பார்த்தவரையில் இயற்பியலில் 17 என்பது நம்பிக்கையான எண். பி.காமில் 7 கூட சந்தேகம்தான்.

அப்புறம், அந்தப் பதினேழு எந்த வரிசையில்? தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. என்று தனித்தனி வரிசை உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் கணக்கு வேறு. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பிரிவில் இந்த எண், போன வருஷம் இதே பாடத்தில் எத்தனாவது எண் வரை கூப்பிட்டீர்கள், கூப்பிட்டால் பணம் கட்ட எத்தனை மணி நேரம் தருவீர்கள். மூன்றாவதைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

"லிஸ்ட்டை நகர்த்தித் தர்றேன்" என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் இங்கே 1992 முதல் இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை எந்த வாசலில் நின்று திரும்பக் கேட்பீர்கள்?

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். முதலில் கைக்காசு. கல்லூரிக்குப் பணம் கட்டும் மாதமும் வயலில் பணம் போடும் மாதமும் நமக்கு ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன. சம்பா நெல் போட்ட காசு மாசி, பங்குனியிலேயே பழைய கடனுக்குப் போயிருக்கும். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறப் புரட்டாசி, ஐப்பசி ஆகிவிடும். நடுவில் கிடக்கிற ஆனியிலும் ஆடியிலும்தான் உழவு, விதை, நடவுக் கூலி, அட்மிஷன் எல்லாம். அப்போது கட்டுகிற ஒவ்வொரு நோட்டுக்குப் பின்னாலும் பெரும்பாலும் அடகு போன ஒரு நகை இருக்கும். "திரும்பி வரப்போகிற பணம்தானே" என்று சொல்வது சுலபம். அது வருகிற வரை வட்டி நம் தலையில்தான் ஓடும்.

இரண்டாவது, விலகுவது எவ்வளவு எளிது. மூன்றாவது, அசல் சான்றிதழ்கள் யார் கையில். நான்காவது, இழக்கும் நாட்கள். கல்லூரியில் பருவத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், தாமதமாகப் போய்ச் சேரும் பிள்ளைக்கு முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு தலைக்கு மேலேயே நிற்கும்.

ஐந்தாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்: பட்டியல் நகரவே இல்லை என்றால், நிற்கிற இடத்திலேயே மூன்று வருஷமும் படிக்க மனம் ஒப்புமா?

## வழி 1: உள்ளூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்துகொண்டு காத்திருப்பது

டெல்டாவில் இதற்குக் குறைவில்லை. கும்பகோணத்தில் அரசு கலைக் கல்லூரி, மகளிருக்குத் தனியாக ஒன்று. தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி, குந்தவை நாச்சியார். திருவாரூரில் திரு.வி.க., மன்னார்குடியில் ராசகோபாலசாமி. எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம், மார்க் அடிப்படையில் தரவரிசை. கட்டணம், தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் இல்லை என்றே சொல்லலாம். பெண் பிள்ளைகளுக்கு நகரப் பேருந்தில் டிக்கெட்டும் கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024 முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை.

"அரசுக் கல்லூரியா" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கும்பகோணம் கல்லூரி 1854-இல் தொடங்கியது. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்தது. ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் அந்தத் தொகையை இழந்ததும் இங்கேதான். (கணக்கு டீச்சர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) பழம்பெருமை இன்றைய வகுப்பறைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் துறையா, ஆய்வகம் ஓடுகிறதா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரித்துவிட்டே சேர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. பள்ளி கொடுத்த டி.சி. கல்லூரிக்குப் போய்விடும். திருச்சியிலிருந்து அழைப்பு வந்தால், அதைத் திரும்ப வாங்க ஒன்றிரண்டு நாள் அலைய வேண்டிவரும். முதல்வர் ஊரில் இல்லை, எழுத்தர் லீவு என்றால் இன்னொரு நாள். அழைத்த இடத்தில் 24 மணி நேரம்தான் கெடு என்றால் இங்கேதான் வண்டி நிற்கும். சேரும்போதே அலுவலகத்தில் "விலகினால் டி.சி. எத்தனை நாளில்?" என்று கேட்டு வையுங்கள். அழைத்த கல்லூரியிடம், டி.சி.யைச் சில நாள் கழித்துத் தர அனுமதி கேட்டுப் பாருங்கள். உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

இந்த வழியை நான் பம்புசெட் என்பேன். 2022-இல் மேட்டூர் மே 24-லேயே திறந்தது. 2024-இல் அணையில் நீர் இல்லாமல் வழக்கமான ஜூன் 12 போய் ஜூலை 28 ஆனது. ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்கள் அந்த வருஷம் குறுவையை விட்டார்கள். பம்புசெட் வைத்திருந்தவர்கள் நட்டார்கள். நட்ட பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தால் யாருக்கு நஷ்டம்?

## வழி 2: தனியார் கல்லூரியில் பணம் கட்டி இடம் பிடித்து வைப்பது

உள்ளூரில் கேட்ட பாடம் கிடைக்கவில்லை, அல்லது வீட்டுக்கு அருகில் நல்ல தனியார் கல்லூரி ஒன்று இருக்கிறது. அப்போது இந்த வழி தோன்றும். இதில்தான் கணக்குத் தெரியாமல் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

விதிப்படி பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணம், அலுவலகச் செலவுக்கென ஒரு சிறு பிடித்தம் போக. கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, அதன்பின் 30 நாள் வரை 50, அப்புறம் ஒன்றுமில்லை. 2024-25 கல்வியாண்டுக்கு இன்னும் தாராளம்: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். சேரும் ஆண்டுக்கான சுற்றறிக்கையை யுஜிசி தளத்தில் எடுத்து அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்றும் அந்த 2018 அறிவிப்பிலேயே இருக்கிறது.

நடைமுறை வேறு மாதிரி. என் அக்கா மகள் சில வருஷம் முன்பு இப்படித்தான் ஒரு கல்லூரியில் 40,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தாள். ஜூலை கடைசியில் சென்னையில் அழைத்தார்கள், போய்விட்டாள். பணத்தைக் கேட்டு மாமா நடந்த நடை! முதல் தடவை, "கரஸ்பாண்டென்ட் பார்க்கணும்." இரண்டாம் தடவை, "உங்க சீட்டுக்கு வேற ஆள் வந்தாத்தான்." மூன்றாம் தடவை சுற்றறிக்கையின் நகலை வைத்து எழுத்துமூலம் மனு கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து கேட்டார். அதற்குப் பிறகு பேச்சே மாறியது. ஆனாலும் தீபாவளி கழித்துத்தான் காசோலை வந்தது. நகையை வைத்திருந்தது நூற்றுக்கு இரண்டு வட்டியில். மாதம் 800 ரூபாய். நான்கு மாதத்துக்கு 3,200. முழுப் பணமும் திரும்ப வந்த கதையிலேயே இவ்வளவு போனது.

எனவே இந்த வழிக்குப் போகிறவர்கள், முடிந்தால் ஒரு பருவக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். "முழு வருஷமும் கட்டினால் தள்ளுபடி" என்பதற்கு மயங்க வேண்டாம். விடுதி, கல்லூரிப் பேருந்து, சீருடை இவற்றுக்குத் தனி ரசீது வாங்கி, எதெது திரும்ப வரும் என்று முன்பே கேளுங்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தாலும் அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதி முக்கியம்.

## வழி 3: அதே கல்லூரியில் வேறு பாடம், அல்லது சுயநிதிப் பிரிவு

பெரிய தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் அரசு உதவிபெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று என்று இரண்டு ஓடும். சுயநிதி வகுப்புகள் பல இடங்களில் மதிய ஷிப்டில். எய்டடில் 17 என்று போட்டுவிட்டு, "செல்ஃப் பைனான்ஸில் இன்றைக்கே சேரலாம்" என்பார்கள். வளாகம் ஒன்று, பட்டச் சான்றிதழில் கல்லூரிப் பெயரும் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு.

பணம் இருப்பவர்களுக்கு மோசமான வழி இல்லை. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து தினம் போய்வரும் பிள்ளைக்கு மதிய ஷிப்ட் என்றால் திரும்பி வர இரவு ஆகிவிடும். கும்பகோணம், தஞ்சாவூர் வழியே திருச்சிக்கு ரயில் இருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து நிறையப் பிள்ளைகள் போய்வருகிறார்கள். கும்பகோணத்துக்கு இந்தப் பக்கம் என்றால் விடுதிதான் சரி. அப்படியானால் விடுதிக் கட்டணத்தையும் இதே கணக்கில் சேருங்கள். (திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்குப் போனது. அங்கேயே இருந்திருந்தால் நமக்கு ரயில் செலவு மிச்சம்!)

வேறு பாடம் எடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. இயற்பியல் கேட்ட பெண் கல்லூரிப் பெயருக்காக வரலாறு எடுத்து, "அப்புறம் மாத்திக்கலாம்" என்பாள். உள்ளே போனபின் பாடம் மாறுவதும் அதே காத்திருப்போர் பட்டியலைப் பொறுத்துத்தான். எழுத்தில் உறுதி தராத வரை அந்த "அப்புறம்" இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரலாறே பிடித்துப்போனால் அது வேறு கதை, அப்படியும் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

## வழி 4: எங்கும் சேராமல் காத்திருப்பது

இதில் செலவே இல்லை என்று தோன்றும், உண்மையில் இதுதான் அதிகம் செலவு வைக்கும். ஜூலை முடிவதற்குள் அரசுக் கல்லூரிகளில் நல்ல பாடங்கள் நிரம்பிவிடும். பட்டியல் நகரவில்லை என்றால் மிச்சம் கிடப்பதைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில். பெண் பிள்ளை வீட்டில் ஒரு வருஷம் இருந்தால் எந்தப் பேச்சு ஆரம்பிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீட்டுக்கோ வேறு நுழைவுத் தேர்வுக்கோ மறுபடி எழுதுவதாக முன்பே முடிவு செய்திருந்தால் மட்டும் இது ஒரு வழி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு அடுத்த வருஷம் தயாராவதும் நியாயமான காரணம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கைக்காசு | விலகுவது | இழக்கும் நாள் | பட்டியல் நகராவிட்டால் |
|---|---|---|---|---|
| உள்ளூர் அரசுக் கல்லூரி | மிகக் குறைவு | டி.சி.க்கு அலைச்சல், பண இழப்பு பெரிதாக இல்லை | அழைத்த இடத்தில் மட்டும் | அங்கேயே பட்டம், கடன் இல்லை |
| தனியார் கல்லூரி | அதிகம், வட்டியும் சேரும் | விதி நம் பக்கம், நடை நம் காலுக்கு | அழைத்த இடத்தில் மட்டும் | மூன்று வருஷமும் அதே கட்டணம் |
| அதே கல்லூரி, சுயநிதி | மிக அதிகம் | விலகத் தேவை குறைவு | இல்லை | விரும்பிய கல்லூரி, விரும்பாத கட்டணம் |
| எங்கும் சேராமல் | இப்போதைக்கு இல்லை | கேள்வியே இல்லை | ஒரு வருஷம் வரை | கையில் ஒன்றும் இல்லை |

என் கட்சி முதல் வழிதான், மறைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. உள்ளூர் அரசுக் கல்லூரியில் அந்தப் பாடமே இல்லை, கையில் புரட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது இல்லை என்றால் இரண்டாவது சரி. வீட்டில் மாதச் சம்பளம் வருகிறது, அண்ணனோ அக்காவோ திருச்சியில் இருக்கிறார்கள் என்றால் மூன்றாவதை யோசிக்கலாம்.

பொறியியல் காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காத்திருப்பு கலந்தாய்வுக்குள்ளேயே இருக்கிறது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே பார்க்கும் "அக்செப்ட் அண்ட் அப்வர்டு" தமிழ்நாடு அரசு நடத்தும் கலந்தாய்வில் உண்டு, திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கான ஜோசா என்ற மத்தியக் கலந்தாய்வில் அதற்கு "ஃப்ளோட்" என்று பெயர். பொறுமை இழந்து நடுவில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கட்டண விலக்கும் கைவிட்டுப் போகும். நான்கு வருஷத்துக்கும் சேர்த்துப் போகும்.

## அழைப்பு வரும் நாளுக்காக

எந்த வழியில் நின்றாலும், காத்திருப்பை நிறுத்தும் தேதி ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பொறியியல் கலந்தாய்வின் இரண்டாம் சுற்று முடிந்து ஒரு வாரம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் அழைத்தால், போகிற பிள்ளை ஒரு மாதப் பாடத்தையும் வருகையையும் துரத்த வேண்டியிருக்கும். அந்தத் தேதி வந்ததும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். பதினெட்டாவது நம்பரிலும் ஒரு வீடு இருக்கிறது.

மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், இவற்றில் ஐந்து செட் நகல். எட்டுப் புகைப்படம். விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்பா எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் வயலில் இருக்கும்போது மூன்று அழைப்பைத் தவறவிட்ட வீடு எனக்குத் தெரியும். அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "எய்டடா, சுயநிதியா?" சில இடங்களில் எய்டட் பட்டியலில் இருந்த பிள்ளையைச் சுயநிதிக்கு அழைத்து, அவசரத்தில் பணம் கட்ட வைத்துவிடுகிறார்கள்.

சேற்றுக்காலோடு வந்தவர் கடைசியில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். மகளைக் கும்பகோணம் மகளிர் கல்லூரியில் இயற்பியலில் சேர்த்துவிட்டார். பிங்க் பஸ்ஸில் காலையில் போகிறாள். நேற்று நடவு முடிந்து வரும்போது நின்று சொன்னார்: பதினேழு இப்போது ஒன்பது ஆகியிருக்கிறதாம். நிறுத்தும் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். "அங்க ஒரு மேடம் நல்லா நடத்துறாங்களாம் டீச்சர். கூப்பிட்டா போறதா வேண்டாமான்னு அது இப்ப யோசிக்குது" என்றார்.